நாவுலவிலிருந்து தொடங்க வேண்டிய ஒரு படிப்பு

மாத்தளையிலிருந்து ஏ9 வீதியில் வடக்கே தம்புள்ளையை நோக்கிப் போனால், நாலந்தாவைத் தாண்டியதும் நாவுல வருகிறது. தென்னிந்தியக் கட்டட மரபில் எழுந்த நாலந்தா கெடிகேயைப் பார்க்க வருபவர்களும், மொரகஹகந்த நீர்த்தேக்கத்துக்குப் போகிறவர்களும் தேநீருக்கு இறங்கும் சிறு நகரம். சுற்றிலும் வயல், மரக்கறித் தோட்டம், அதற்கப்பால் காடு. ஒரு பிரதேச செயலகம், பொலிஸ் நிலையம், வைத்தியசாலை, பாடசாலைகள், விகாரைகள். இலங்கையின் முந்நூற்றுக்கு மேற்பட்ட பிரதேச செயலகப் பிரிவுகளில் எதை எடுத்தாலும் ஏறத்தாழ இதே அமைப்புத்தான்.

இப்படி ஓர் ஊரில் வேலித் தகராறு முற்றி, ஒருவர் குடிபோதையில் அண்ணனை மண்வெட்டியால் அடித்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். பொலிஸார் முறைப்பாட்டைப் பதிவார்கள். காயத்தைச் சட்ட வைத்திய அதிகாரி பார்ப்பார். நீதவான் விளக்கமறியல் உத்தரவிடுவார். இவருக்கு முன்பே மனநோய் இருந்தது என்று சட்டத்தரணி எழுந்து சொன்னால்தான் பெரும்பாலும் உளமருத்துவரின் அறிக்கை என்ற பேச்சே வரும். வழக்கு இழுபடும். பிணையிலோ தண்டனை முடிந்தோ அவர் திரும்பி வருவது அதே வேலிக்கு, அதே கிணற்றடிக்கு. அண்ணன் அங்கேதான் இருக்கிறார். அண்ணி அங்கேதான் இருக்கிறார். நடந்ததைக் கண்ட இரு வீட்டுப் பிள்ளைகளும் ஒரே பாடசாலைக்குப் போகிறார்கள். நீதிமன்றக் கோப்பு மூடப்பட்ட பிறகு இவர்களோடு உட்கார்ந்து பேசுவது யாருடைய கடமைப் பட்டியலிலும் தெளிவாக இல்லை.

அந்த இடத்தில் நின்று வேலை செய்யத் தெரிந்த ஒருவரை நம் பல்கலைக்கழகங்கள் எப்படி உருவாக்குவது என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. குற்றம், நீதிமன்றம், மனம் ஆகிய மூன்றையும் ஒருசேரப் படிப்பது நீதிசார் உளவியல். அதை நீதிமன்ற மேடையிலும் சிறைக்கூடத்திலும் நிறுத்திவிடாமல், குற்றம் நடந்த ஊருக்கும் குற்றவாளி திரும்பி வரும் ஊருக்கும் கொண்டுபோவது அதன் சமூகம் சார்ந்த கிளை. இந்தக் கிளையில் ஒரு முதுமாணிப் படிப்பு இலங்கைக்குத் தேவை, அதன் களம் கொழும்பாக இருக்கக்கூடாது, நாவுல போன்ற ஒரு பிரதேசமாக இருக்க வேண்டும் என்பது என் நிலைப்பாடு.

துறையின் வரலாறு நீளமானது. ஆனால் இரண்டு ஆண்டுகளை நினைவில் வைத்தால் இங்கே போதும். 1908 இல் ஹார்வர்டில் கற்பித்த ஹியூகோ முன்ஸ்டர்பெர்க், சாட்சிகளின் நினைவு எவ்வளவு தவறக்கூடியது என்பதை முன்வைத்து ஒரு நூல் வெளியிட்டார். நீதிமன்றத்தில் உளவியலுக்கு இடம் கேட்ட தொடக்கக் குரல்களில் ஒன்று அது. 1965 இல் அமெரிக்காவின் ஸ்வாம்ப்ஸ்காட் நகரில் கூடிய உளவியலாளர்கள், நோயாளி வைத்தியசாலைக்கு வரும்வரை காத்திருப்பது போதாது, நோயை உண்டாக்கும் சூழலுக்கே போக வேண்டும் என்று முடிவெடுத்தார்கள். சமுதாய உளவியல் என்ற தனித்துறை அங்கே உருவாயிற்று. இந்த இரண்டு ஓடைகளும் நெடுங்காலம் தனித்தனியாகவே ஓடின. அமெரிக்க உளவியல் சங்கம் நீதிசார் உளவியலைத் தனிச் சிறப்புத்துறையாக ஏற்றதே 2001 இல்தான். இரண்டையும் இணைக்கும் பட்டப்பின் படிப்புகள் அதற்குப் பிறகே பரவலாயின.

இலங்கையில் நிலைமை தலைகீழ். படிப்பு வருவதற்கு முன்பே சட்டம் வந்துவிட்டது. நன்னடத்தைக் கண்காணிப்பில் குற்றவாளியை விடுவிக்க வழிசெய்யும் கட்டளைச்சட்டம் 1944 ஆம் ஆண்டைச் சேர்ந்தது. சிறுவர், இளைஞர் கட்டளைச்சட்டம் 1939 இல் வந்தது. மத்தியஸ்த சபைகள் சட்டம் 1988 இல். 1999 இன் 46 ஆம் இலக்கச் சட்டம், சிறு குற்றங்களுக்குச் சிறைக்குப் பதிலாகச் சமுதாயம்சார் சீர்திருத்தக் கட்டளை பிறப்பிக்கும் அதிகாரத்தை நீதிமன்றத்துக்குத் தந்தது. 2005 இன் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம், மனத்துன்புறுத்தலையும் வன்முறையாக ஏற்றது. பாதுகாப்புக் கட்டளையோடு உளவளத்துணைக்குப் போகும்படி உத்தரவிடவும் அது இடம் கொடுத்தது. 2018 இல் குற்றப் பொறுப்பு வயது 8 இலிருந்து 12 ஆக உயர்ந்தது. 12 க்கும் 14 க்கும் இடைப்பட்ட பிள்ளைக்குத் தன் செயலை விளங்கிக்கொள்ளும் முதிர்ச்சி இருந்ததா என்பதை நீதவான் தீர்மானிக்க வேண்டும்.

இந்தச் சட்டங்கள் ஒவ்வொன்றும் ஓர் உளவியல் கேள்வியை எழுப்புகிறது. இந்த ஆள் மறுபடி அடிப்பாரா? இந்தப் பிள்ளைக்கு விளங்கியதா? இந்தப் பெண் முறைப்பாட்டை மீளப்பெறுவது விருப்பத்தினாலா, அச்சத்தினாலா? கேள்வியைச் சட்டம் கேட்டுவிட்டது. பதில் சொல்லப் பயிற்சி பெற்றவர்களைத்தான் நாடு உருவாக்கவில்லை.

இதற்கு மறுபுறம், அசையாமல் நிற்கும் பழைய சட்டங்களும் உண்டு. மனநோயாளரைத் தடுத்துவைப்பது பற்றிய கட்டளைச்சட்டம் 1873 இல் வந்தது. சில திருத்தங்களோடு இன்றும் அதுவே அடிப்படை. 1883 இன் தண்டனைச் சட்டக்கோவையின் 77 ஆம் பிரிவு, சித்த சுவாதீனமற்றவர் செய்தது குற்றமாகாது என்கிறது. இங்கிலாந்தில் 1843 இல் வகுக்கப்பட்ட மக்நோட்டன் விதிகளின் வழிவந்தது அது. செயலின் தன்மை தெரிந்ததா, அது தவறென்று தெரிந்ததா என்ற இரண்டை மட்டுமே அது கேட்கிறது. ஆண்டுக்கணக்கான கசிப்பும் கடனும் போர்க்கால இழப்பும் சேர்ந்து ஒரு மனிதனை எங்கே கொண்டுவந்து நிறுத்தின என்று கேட்க அதற்கு வாயில்லை.

1999 ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சற்று நின்று பார்க்க வேண்டும். இந்தப் படிப்பின் இயல்பான வீடு அதுதான். கட்டளைக்குட்பட்டவர் ஊரிலேயே இருப்பார், தொழிலுக்குப் போவார், குடும்பத்தைப் பிரியமாட்டார். பதிலுக்கு ஊதியமில்லாப் பொதுவேலை செய்வார், தேவையானால் போதைச் சிகிச்சைக்கும் ஆலோசனைக்கும் போவார். சமுதாயம்சார் சீர்திருத்த உத்தியோகத்தர் அவரைக் கண்காணிப்பார். சட்டத்தின் நோக்கம் உயர்ந்தது. ஆனால் அந்தச் சட்டத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் மக்கள் நினைவுக்கு வருவது பாடசாலை வளவைத் துப்புரவு செய்யும் சிலரின் காட்சி மட்டுமே. புல்வெட்டுவது எளிது, எண்ணுவதும் எளிது. ஒருவர் எந்த நேரத்தில், யாரோடு, எந்த மனநிலையில் மறுபடி குடிக்கத் தொடங்குகிறார் என்று அறிந்து அதற்கேற்பத் திட்டம் போடுவது தனித்திறமை. அந்தத் திறமையைக் கற்பிக்காமல் உத்தியோகத்தரைக் குறைசொல்வது நியாயமல்ல.

இது ஏன் அவசரம் என்பதற்குச் சிறைகளே சாட்சி. நாட்டின் சிறைகளில் அவற்றின் கொள்ளளவைப்போல் இரண்டு மடங்குக்கும் அதிகமான மனிதர்கள் அடைபட்டிருக்கிறார்கள். அவர்களில் பெரும்பகுதி தண்டனை பெறாத விளக்கமறியல் கைதிகள். தண்டப்பணம் கட்ட வழியில்லாமல் உள்ளே போகிறவர்களும் ஏராளம். 2020 நவம்பரில் மஹர சிறையில் மூண்ட கலவரத்தில் 11 கைதிகள் இறந்தார்கள். சிறைகளில் இருப்பவர்களில் எத்தனை பேர் ஊரிலேயே வைத்துத் திருத்தப்பட்டிருக்கலாம் என்பதை நாவுலவில் உட்கார்ந்து ஆராய்ந்தால்தான் தெரியும். வெலிக்கடைச் சிறையில் உட்கார்ந்து தெரியாது.

ஊரைப் படிக்கும் மரபு நமக்குப் புதிதல்ல. ஜாக்குலின், மரே ஸ்ட்ராவுஸ் இருவரும் 1953 இலேயே இலங்கையின் கொலை, தற்கொலை விகிதங்களைச் சமூகக் கட்டமைப்போடு பொருத்தி ஆராய்ந்தார்கள். 1961 இல் ஆர்தர் வூட், மாறிவரும் இலங்கையில் குற்றமும் வன்மமும் பற்றி விரிவான ஆய்வை வெளியிட்டார். இரண்டும் வெளியார் பார்வை, எண்களின் பார்வை. ஊருக்குள் இறங்கிப் பார்த்தவர் மானிடவியலாளர் கணநாத் ஒபயசேகர.

1975 இல் அவர் வெளியிட்ட கட்டுரையை இந்தத் துறைக்கு வரும் எந்த மாணவரும் முதல் வாரத்திலேயே படிக்க வேண்டும் என்பேன். எதிரிக்குக் கேடு வேண்டி மக்கள் போகும் தலங்களுக்கு அவர் போனார். தெற்கே சீனிகம தேவாலயம், வடமேற்கே முன்னேஸ்வரம் காளி கோயில் போன்றவை அவை. வந்தவர்களிடம், யாருக்காக, என்ன காரணத்துக்காக வந்தீர்கள் என்று கேட்டார். திருட்டு, காணித் தகராறு, துரோகம், கைவிட்ட கணவன் என்று காரணங்கள் குவிந்தன. அவர் கண்ட முடிவு கூர்மையானது. இலங்கையில் பதிவாகும் கொலைகளில் பெரும்பாலானவை அந்தக் கணத்து ஆத்திரத்தில் நடப்பவை. திட்டமிட்டுக் கொல்லும் எண்ணம் மக்களிடம் இல்லாமல் இல்லை, அது சூனியத்துக்கும் சாபத்துக்கும் திருப்பிவிடப்படுகிறது என்றார் அவர். மண் அள்ளித் தூற்றுவதும் தேங்காய் உடைத்துச் சபிப்பதும் நம் தமிழ் ஊர்களுக்கும் அந்நியமல்ல. ஓர் உளவியல் மாணவர் இதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கினால், வன்மம் எங்கே போய்த் தங்குகிறது என்ற மிகப் பெரிய தகவலை இழந்துவிடுகிறார். யாரோ சூனியம் வைத்துவிட்டார்கள் என்று ஒருவர் நம்பத் தொடங்கும் கட்டத்தில்தான் பல வீடுகளில் ஆபத்து மணி அடிக்கிறது. அதை எந்த வெளிநாட்டு மதிப்பீட்டுப் படிவமும் கேட்பதில்லை.

வடக்கிலிருந்து இன்னொரு மரபு சேர்கிறது. யாழ்ப்பாணத்தில் உளமருத்துவராகவும் பேராசிரியராகவும் பணியாற்றிய தயா சோமசுந்தரம், போர் தனிமனிதரை மட்டுமன்றிக் குடும்பத்தையும் ஊரையும் எப்படி உடைக்கிறது என்பதை எழுதினார். தனி ஆளின் வடுவோடு கூட்டு வடு என்ற கருத்தையும் அவர் முன்வைத்தார். சிகிச்சையை வைத்தியசாலைச் சுவருக்கு வெளியே கொண்டுபோய் ஆசிரியர், கிராம உத்தியோகத்தர், மதத்தலைவர் ஆகியோரைப் பயிற்றுவிக்கும் வழியையும் அவரும் அவரோடு நின்றவர்களும் காட்டினார்கள். போருக்குப் பின் நம் பகுதிகளில் பெருகிய குடி, வீட்டு வன்முறை, போதைப்பொருள் ஆகியவற்றை இந்தக் கூட்டு வடுவிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது.

மாத்தளை மாவட்டத்துக்கும் இந்தப் பாடம் பொருந்தும். 2012 நவம்பரில் மாத்தளை வைத்தியசாலை வளவில் கட்டட வேலைக்காகத் தோண்டியபோது மனித எச்சங்கள் வெளிப்பட்டன. அகழ்வு முடிவதற்குள் 150 க்கும் மேற்பட்டோரின் எலும்புகள் கிடைத்தன. அவை 1987-89 கிளர்ச்சிக் காலத்தில் காணாமற் போனவர்களுடையவை என்ற கருத்தும், அதற்கு வெகு முந்தியவை என்ற கருத்தும் மோதின. காலத்தை நிர்ணயிப்பது தடயவியலின் வேலை. ஆனால் அந்தக் குழியருகே வந்து நின்ற தாய்மாருக்கு அறிக்கையின் ஒவ்வொரு வரியும் என்ன செய்தது என்று பார்க்க ஆள் வேண்டாமா? காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் 2016 ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவானது. சிங்களத் தாயும் தமிழ்த் தாயும் அதே படிவத்தைத்தான் நிரப்புகிறார்கள். தீராத துக்கத்தோடு விசாரணைக்கு முகங்கொடுப்பவரைத் தயார்படுத்துவது இந்தத் துறையின் மையப் பணிகளில் ஒன்று.

அடுத்து மொழி. மாத்தளை மாவட்டத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் தமிழரோ முஸ்லிமோ ஆவார். நாவுலவில் பெரும்பான்மை சிங்களம் என்றாலும் ரத்தோட்டை, உக்குவளை, எல்கடுவ தோட்டப்புறங்களில் தமிழே வீட்டுமொழி. சிங்களமும் தமிழும் நீதிமன்ற மொழிகள் என்றும், மொழி விளங்காதவருக்கு மொழிபெயர்ப்பு வேண்டும் என்றும் அரசியலமைப்பின் 24 ஆம் உறுப்புரை சொல்கிறது. நடைமுறை எங்கே போய் முடியும் என்பதற்கு நல்லரத்தினம் சிங்கராசா வழக்கைவிடக் கொடிய உதாரணம் இல்லை. மட்டக்களப்புப் பகுதியைச் சேர்ந்த இந்தத் தமிழ்த் தொழிலாளி 1993 இல் கைதானார். சிங்களத்தில் எழுதப்பட்ட வாக்குமூலத்தில் அவருடைய பெருவிரல் அடையாளம் இருந்தது. அவருக்கோ சிங்களம் வாசிக்கத் தெரியாது. மொழிபெயர்த்தவரும் ஒரு பொலிஸ்காரர். சாதாரண சட்டத்தில், 1895 இன் சான்றுக் கட்டளைச்சட்டத்தின் 25 ஆம் பிரிவின்படி, பொலிஸாரிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது. 1979 இன் பயங்கரவாதத் தடைச்சட்டமோ அதைச் செல்லுபடியாக்கியது. அது வற்புறுத்திப் பெறப்பட்டது என்று நிரூபிக்கும் சுமையையும் குற்றஞ்சாட்டப்பட்டவர் தலையிலேயே ஏற்றியது. 1995 இல் அவருக்கு 50 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டது. மேன்முறையீட்டில் அது 35 ஆனது. 2004 இல் ஐக்கிய நாடுகள் மனித உரிமைகள் குழு அவருடைய உரிமைகள் மீறப்பட்டன என்று கண்டது. 2006 இல் இலங்கை உச்ச நீதிமன்றம் அந்த முடிவை நடைமுறைப்படுத்த மறுத்தது.

இதற்கு முன்பே வெளியே என்ன நடந்திருந்தது என்று பாருங்கள். ஐஸ்லாந்தில் துப்பறிவாளராக இருந்து உளவியலாளரான கிஸ்லி குட்யோன்சன், விசாரணை அழுத்தத்தில் மனிதர் செய்யாத குற்றத்தை ஏன் ஒப்புக்கொள்கிறார்கள் என்று ஆராய்ந்து 1984 இல் ஓர் அளவுகோலை வெளியிட்டார். பிரித்தானியாவில் குண்டுவெடிப்பு வழக்குகளில் தவறாகத் தண்டிக்கப்பட்ட கில்ஃபர்ட் நால்வர் 1989 இலும் பர்மிங்காம் அறுவர் 1991 இலும் விடுதலையான பிறகு, பொய் வாக்குமூலம் பற்றிய உளவியல் சான்று அந்நாட்டு நீதிமன்றங்களில் மதிப்புப் பெற்றது. சிங்கராசாவின் வாக்குமூலத்தைப் பற்றித் தமிழ் தெரிந்த ஒரு நீதிசார் உளவியலாளர் சாட்சிக் கூண்டில் ஏறியிருந்தால் தீர்ப்பு மாறியிருக்கும் என்று நான் சொல்லவில்லை. அப்படி ஒருவரை அழைக்கும் வாய்ப்பாவது ஒரு மக்கள் கூட்டத்துக்கு இருக்க வேண்டும்.

நீதிமன்றத்துக்கு முன்னால் நிற்கும் வாசல் மத்தியஸ்த சபை. வார இறுதியில் ஒரு பாடசாலை வகுப்பறைக்குள் போய்ப் பாருங்கள். பிள்ளைகளின் தாழ்ந்த வாங்குகளில் வளர்ந்தவர்கள் முழங்காலை மடக்கி உட்கார்ந்திருப்பார்கள். கரும்பலகையில் வெள்ளிக்கிழமைக் கணக்கு அழிபடாமல் இருக்கும். மேசைக்கு அந்தப்பக்கம் மூன்று மத்தியஸ்தர்கள். பெரும்பாலும் ஓய்வுபெற்ற அதிபர், ஊர்ப் பெரியவர், சிலவேளை ஒரு துறவி. கடன், காணி எல்லை, வாய்ச்சண்டை, சிறு காயம் எல்லாம் அங்கேதான் வரும். நாட்டில் பெருந்தொகை வழக்குகள் நீதிமன்றம் போகாமல் தீர்வது இந்தத் தொண்டர்களால்தான். அவர்களை நான் மனமார மதிக்கிறேன். ஆனால் சிறு காயம் என்ற வகைக்குள் கணவன் மனைவியை அடிப்பதும் வந்துவிடுகிறது. பக்கத்தில் அடித்தவர் உட்கார்ந்திருக்க, சமாதானமாகப் போகிறீர்களா என்று ஊர்ப் பெரியவர்கள் கேட்டால் அந்தப் பெண் என்ன சொல்வாள்? தலையாட்டுவாள், கையெழுத்திடுவாள். இருவரையும் தனித்தனியே சந்தித்து, அடி கூடிக்கொண்டு வருகிறதா, கழுத்தை நெரித்ததுண்டா, வீட்டில் பூச்சிமருந்து இருக்கிறதா என்று கேட்கத் தெரிந்த ஒருவர் சபைக்கு முன் ஒரு மணி நேரம் பேசினால், எந்த முறைப்பாடு மேசைக்கு வரலாம், எது வரவே கூடாது என்று பிரிக்க முடியும்.

பூச்சிமருந்தைச் சும்மா சொல்லவில்லை. 1995 இல் இலங்கையின் தற்கொலை விகிதம் இலட்சத்துக்கு 47 என்ற உச்சத்தைத் தொட்டது. கொடிய பூச்சிகொல்லிகளைப் படிப்படியாகத் தடைசெய்த பிறகு அது பாதிக்கும் கீழே இறங்கியது. உலகம் பின்பற்றும் வெற்றி அது. சூழலை மாற்றினால் உயிர் மிஞ்சும் என்பதற்கு நம் நாடே சான்று. தற்கொலை முயற்சி 1998 முதல் குற்றமுமல்ல. ஆனாலும் ஊரில் ஒரு மரணம் நடந்தால் காரணத்தை எழுதுவது, மருத்துவப் பட்டம் கட்டாயமில்லாத திடீர் மரண விசாரணை அதிகாரி. வயிற்றுவலி தாங்காமல், காதல் தோல்வியால் என்று அவர் எழுதும் ஒற்றை வரியே புள்ளிவிவரமாகிறது. இறந்தவரின் கடைசி மாதங்களைக் குடும்பத்தோடு சேர்ந்து பொறுமையாகத் தொகுக்கும் உளவியல் பிரேத ஆய்வு முறையை இந்த அதிகாரிகளோடு சேர்ந்து செய்வது ஒரு முதுமாணி ஆய்வுக்குப் போதுமான, பயனுள்ள பொருள்.

இப்போது இவற்றையெல்லாம் கற்பிக்கும் நிறுவனங்களைப் பார்ப்போம். இலங்கையில் இந்த அறிவு முழுவதும் இருக்கிறது, ஒரே இடத்தில் இல்லை. உளமருத்துவமும் சட்ட மருத்துவமும் கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில். மருத்துவ உளவியல் கொழும்பில். உளவியல் பேராதனையிலும் யாழ்ப்பாணத்திலும். குற்றவியல் ஸ்ரீ ஜயவர்தனபுரவில். சமூகப்பணி சீதுவையில் உள்ள தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகத்தில். நீதிசார் உளமருத்துவத்தின் பிரதான களம் அங்கொடையில் உள்ள தேசிய மனநல நிறுவகம். இவற்றில் ஒன்றில் படிப்பவர் மற்றதன் வாசலை மிதிக்காமலே பட்டம் பெற்றுவிடலாம்.

பாக்கு நீரிணைக்கு அப்பால் குஜராத் தடய அறிவியல் பல்கலைக்கழகம் 2020 இல் தேசிய நிறுவனமாயிற்று. அங்கே நீதிசார் உளவியலில் முதுமாணிப் படிப்பு உண்டு. தமிழ்நாட்டில் சென்னைப் பல்கலைக்கழகமும் திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமும் குற்றவியல் துறைகளை வளர்த்திருக்கின்றன. பாதிக்கப்பட்டோர் பற்றிய ஆய்வில் திருநெல்வேலிக்குத் தனிப்பெயர் உண்டு. அந்த இணைப்பு நமக்குப் பயன்படும். அதேவேளை இந்தியாவிலிருந்து ஓர் எச்சரிக்கையும் வருகிறது. உண்மை அறியும் ஊசி, பொய்காட்டும் கருவி, மூளை அலைப் பரிசோதனை என்று உளவியலின் பெயரால் விசாரணை நடத்தும் போக்கு அங்கே பரவியது. சம்மதமின்றி அவற்றைச் செய்வது அரசியலமைப்புக்கு முரண் என்று செல்வி எதிர் கர்நாடக மாநிலம் என்ற வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் 2010 மே மாதம் தீர்ப்பளித்தது. ஆய்வகக் கருவியில் மயங்கும் பாடத்திட்டம் எங்கே போய் முடியும் என்பதற்கு அந்தத் தீர்ப்பு பாடநூல்.

கனடாவிலிருந்து எடுக்கத்தக்கது வேறு. யாருக்கு ஆபத்து அதிகமோ அவருக்கு அதிக கவனம், குற்றத்தோடு நேரடித் தொடர்புள்ள தேவைகளுக்கு முதலிடம், ஆளின் இயல்புக்கேற்ற முறை என்ற மூன்று கொள்கைகளை ஆண்ட்ரூஸ், பொன்டா குழுவினர் 1990 இல் வகுத்தார்கள். கொள்கைகள் இங்கும் செல்லும். அவற்றின்மேல் கட்டிய அளவுகோல்களை அப்படியே மொழிபெயர்த்துப் பாவிப்பது ஆபத்து. நிலையான வேலை இல்லாதது அங்கே ஓர் ஆபத்துக் குறி. நாவுலவில் போகத்துக்குப் போகம் கூலிவேலை மாறுவது இயல்பு வாழ்க்கை. இரு மொழிகளிலும் நம் மக்களிடமே சோதித்துத் திருத்தாத படிவத்தை வைத்து ஒரு மனிதரின் பிணையைத் தீர்மானிக்கலாகாது.

அதே கனடாவில், ஒன்டாரியோவின் ஹமில்டன் நகரில் 1994 இல், விடுதலையான ஒரு பாலியல் குற்றவாளியைச் சுற்றி ஒரு தேவாலயத்தார் ஆதரவு வட்டம் அமைத்தார்கள். அந்த முறை பல நாடுகளுக்குப் பரவியது. ஜப்பானில் 1950 ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் ஏறத்தாழ 47,000 தொண்டர்கள், விடுதலையானவர்களைத் தம் வீட்டுக்கே அழைத்துப் பேசுகிறார்கள். மத்தியஸ்த சபைக்குத் தொண்டர் கிடைக்கும் நாட்டில் இதற்கும் கிடைப்பார்கள் என்று நம்புகிறேன். ஆனால் 2024 மே மாதம் ஒட்சு நகரில் அத்தகைய தொண்டர் ஒருவர் கொல்லப்பட்டார். அவர் கண்காணித்த நபரே கைதானார். தொண்டருக்குப் பின்னால் பயிற்சி பெற்ற ஒருவர் நிற்காமல் ஊர்மக்களை முன்னால் தள்ளக்கூடாது.

எனக்கே தோன்றும் பெரிய தயக்கத்தை மறைக்க விரும்பவில்லை. நம்மவர்களுக்குப் புனர்வாழ்வு என்ற சொல்லே நல்ல நினைவைத் தருவதில்லை. போர் முடிந்த 2009 க்குப் பிறகு முன்னாள் போராளிகள் ஏறத்தாழ 12,000 பேர் அந்தப் பெயரில் முகாம்களுக்குள் போய் வந்தார்கள். ஊர் திரும்பிய பிறகும் பலரைப் புலனாய்வாளர்களின் கேள்விகள் விடவில்லை. போதைக்கு அடிமையானவர்களை வைத்திருந்த கந்தக்காடு நிலையத்தில் 2022 ஜூனில் ஒரு மரணத்தைத் தொடர்ந்து மோதல் வெடித்து நூற்றுக்கணக்கானோர் தப்பியோடினார்கள். புனர்வாழ்வுப் பணியகச் சட்டமூலம் 2022 இல் உச்ச நீதிமன்றத்தில் அரசியலமைப்புக்கு முரணானதாகக் காணப்பட்டு, திருத்தங்களோடு 2023 இல் நிறைவேறியது. இந்தப் பின்னணியில், ஊரில் உளவியலாளர் ஒருவரை நிறுத்துகிறோம் என்றால், பொலிஸுக்கு இன்னொரு கண்ணா என்று மக்கள் கேட்பார்கள். கேட்பது நியாயம்.

ஆகவே எல்லையை முதல் நாளே வரைய வேண்டும். நீதிமன்றத்துக்கு அறிக்கை எழுதுபவரும் அதே ஆளுக்குச் சிகிச்சை செய்பவரும் ஒருவராக இருக்கக்கூடாது. எது இரகசியம், எது நீதிமன்றத்துக்குப் போகும் என்பதை முதல் சந்திப்பிலேயே அவருடைய மொழியில் சொல்ல வேண்டும். எல்லோரும் எல்லோரையும் அறிந்த சின்ன ஊரில் பிரதேச செயலக வாசலில் ஒரு பெண் காத்திருந்தாலே கதை பரவிவிடும். சந்திக்கும் இடத்தைத் தாய்சேய் நிலையத்துக்குள்ளோ வன்முறைக்கு உள்ளானோருக்காக வைத்தியசாலையில் இயங்கும் மித்துரு பியச போன்ற நிலையத்துக்குள்ளோ வைப்பதும் பாடத்தின் பகுதிதான். ஒழுக்கவியலை ஒரு பருவத்தின் கடைசி விரிவுரையாக ஒதுக்கும் பாடத்திட்டம் எனக்கு வேண்டாம்.

யார் படிப்பது? புதிதாகப் பட்டம் முடித்த இளைஞரை மட்டும் எடுப்பது தவறு. பிரதேச மட்டத்தில் ஏற்கெனவே ஆட்கள் இருக்கிறார்கள். உளவளத்துணை உத்தியோகத்தர், சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர், பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர், நன்னடத்தை உத்தியோகத்தர், சீர்திருத்த உத்தியோகத்தர், பொலிஸ் சிறுவர் மகளிர் பணியகத்தார் என்று பட்டியல் நீளும். இவர்களில் பலர் பட்டதாரிகள். ஒரே குடும்பத்தின் வீட்டுக்கு ஆறு பேரும் தனித்தனியே போய் ஆறு கோப்புகளை எழுதுகிறார்கள். இவர்களுக்குச் சம்பளத்தோடு கூடிய கற்கை விடுப்புக் கொடுத்து, ஓர் ஆண்டு பாடமும் ஓர் ஆண்டு மேற்பார்வையோடு கூடிய களப்பணியுமாக இரண்டு ஆண்டு முதுமாணியை அமைக்கலாம். சட்டம், ஆபத்து மதிப்பீடு, சாட்சி உளவியல், போதை, ஊராய்வு ஆகியவை பாடங்கள். சிங்களம் தெரிந்தவர் தமிழையும் தமிழ் தெரிந்தவர் சிங்களத்தையும் நேர்காணல் நடத்தும் அளவுக்குக் கற்றாக வேண்டும். இந்த ஒரு நிபந்தனையைத் தளர்த்தவே கூடாது. வாரந்தோறும் அனுபவமுள்ள ஒருவரின் மேற்பார்வை கட்டாயம். கொடூரக் கதைகளை நாள்தோறும் கேட்பவர் தனியே விடப்பட்டால் ஓரிரு ஆண்டில் மனம் மரத்துப்போவார்.

பேராதனை இதைத் தொடங்கத் தகுந்த இடம். உளவியல் துறை, மருத்துவ பீடத்தின் உளமருத்துவம், சட்ட மருத்துவம் எல்லாம் ஒரே வளவில் இருக்கின்றன. நாவுல கண்டி வழியாகப் பேருந்தில் ஒரே நாளில் போய்வரக்கூடிய தூரம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர்களும் சீதுவையின் சமூகப்பணி ஆசிரியர்களும் கைகோத்தால் தமிழ்வழிக் கற்பித்தலுக்கும் களமேற்பார்வைக்கும் ஆள் கிடைக்கும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவும் நீதி அமைச்சும் பொது நிர்வாக அமைச்சும் ஒரே மேசையில் உட்கார வேண்டிய விடயம் இது. நாவுலவையும் வடக்கில் ஒரு பிரதேசத்தையும் முன்னோடிக் களங்களாக எடுத்து முதல் அணியைச் சேருங்கள் என்று அவர்களைக் கேட்கிறேன். பேராதனையிலும் யாழ்ப்பாணத்திலும் உளவியல் படிக்கும் தமிழ் மாணவர்களும் இதையே தங்கள் துறைத்தலைவர்களிடம் எழுத்தில் கேட்க வேண்டும்.